பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிய மின்கம்பிகள்

ஒரு மோட்டார் சைக்கிள் ஐம்பது ஆண்டுகள் உழைத்த பின்னரும் அதன் இரும்புச் சட்டம் உறுதியாகவே இருத்தல் கூடும். எஞ்சினின் தேய்ந்த பகுதிகளைக் கடைந்தும் மாற்றியும் செப்பனிடலாம். ஆனால், பெட்ரோல் தொட்டியின் அடியிலும் முகப்பு விளக்கின் கூட்டினுள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் மின்கம்பிகள் ஓசையின்றி முதுமை அடைந்துவிடுகின்றன. அவற்றின் பழுது இரண்டு வகையில் வெளிப்படும். ஒன்று, இரவில் விளக்கு மங்கி வழி தெரியாமற் போவது. மற்றொன்று, கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பற்றுவது. பல பழைய வண்டிகளில் மின்கம்பித் தொகுதி பெட்ரோல் தொட்டிக்கு நேர் கீழே செல்வதால், இரண்டாவது விபத்து எத்தகையதென்று விளக்க வேண்டுவதில்லை. ஆகவே இக் கம்பிகளைப் புதுப்பிக்கும் வேலையை விஞ்ஞான அடிப்படையில் அறிந்துகொள்ளுதல் நன்று.

பூனாவும் பழைய யந்திரங்களும்

மகாராஷ்டிரத்தில் உள்ள பூனா நகரம் மோட்டார்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆகுர்டியில் பஜாஜ் தொழிற்சாலை தோன்றி வளர்ந்தது. வேதாள் குன்றின் மீது 1966ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் இன்றும் வாகனங்களையும் அவற்றின் உறுப்புக்களையும் சோதித்து வருகிறது. நகரின் கிழக்கே, நகர் சாலையை ஒட்டி, முளா-முட்டா ஆற்றங்கரையில் அமைந்த கராடி, ஒரு காலத்தில் விவசாயக் கிராமமாக இருந்தது. இப்பொழுது அங்கே கணிப்பொறி அலுவலகங்கள் நிறைந்துள்ளன. பாட்டனார் காலத்து வண்டியைப் பேணிக் காக்கும் ஆர்வம் இத்தகைய புதிய பகுதிகளிலும் குன்றவில்லை. நானா பேட்டையின் உதிரி உறுப்புக் கடைகளும், பழைய பொருள்களுக்குப் பேர்போன ஜூனா பஜாரும் இவ்வார்வத்திற்குத் துணை நிற்கின்றன. சென்னையில் புதுப்பேட்டைக்கு உள்ள இடம் இங்கு இவற்றிற்கு உண்டு.

இவ்வாறு பேணப்படும் வண்டிகளுள் மூன்று நம் நாட்டிலேயே உருவானவை. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்பீல்டு நிறுவனம் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் தயாராயின. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் செக்கோஸ்லோவேகிய ஜாவாவை உரிமம் பெற்று 1960ஆம் ஆண்டை ஒட்டித் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் அதுவே எஸ்டி என்ற பெயரில் வெளிவந்து, 1996 வரை தொடர்ந்தது. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் மூன்றாவது. மின்சார உறுப்புக்களை இங்கேயே செய்யும் பொருட்டு 1961இல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் தோன்றி, சென்னைப் பாடியில் ஆலை அமைத்தது. இவ்வண்டிகளின் பழைய மாதிரிகள் யாவும் 6 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கியவை. இந்த ஆறு என்னும் எண்ணே நம் பிரச்சினையின் மையம்.

மின்சாரம் பிறந்து செல்லும் வழி

மோட்டார் சைக்கிளில் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் முறைகள் மூன்று. ஜாவாவில் எஞ்சினின் அச்சுத்தண்டிலேயே பொருத்தப்பட்ட டைனமோ உண்டு. அது நேர் மின்னோட்டத்தையே தரும். 45 வாட் வரை ஆற்றல் அளிக்கும். ரெகுலேட்டர் என்னும் கருவி அதன் மின்னழுத்தம் மிகாமலும், எஞ்சின் நின்றபோது பாட்டரியின் மின்சாரம் டைனமோவிற்குள் திரும்பி ஓடாமலும் காக்கிறது. லூகாஸ் முறையிலான ஆல்டர்னேட்டரில் காந்தம் சுழல, அதைச் சூழ்ந்த கம்பிச் சுருள்களில் மாறு மின்னோட்டம் பிறக்கும். அதை நேராக்கிப் பாட்டரிக்கு அனுப்ப ரெக்டிபையர் வேண்டும். ராஜ்தூத் போன்ற வண்டிகளில் பறக்கும் சக்கரத்திலேயே காந்தங்களைப் பதித்த மாக்னெட்டோ அமைந்துள்ளது. எஞ்சின் விரைந்தால் விளக்கு ஒளிர்வதும், தணிந்தால் மங்குவதும் இவ்வகையின் இயல்பு. அதைக் கம்பியின் குற்றமென்று எண்ணிவிடலாகாது.

பாட்டரி மூன்று ஈய-அமில அறைகள் கொண்டது. ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் தருவதால், முழுமையாக நிரம்பிய பாட்டரி 6.3 வோல்ட் காட்டும். பாட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் அம்மீட்டர், சுவிட்சு இவற்றின் வழியே விளக்கிற்கும் ஊதலுக்கும் பற்றவைப்புச் சுருளுக்கும் செல்கிறது. திரும்பும் பாதையாக வேறு கம்பி இல்லை. வண்டியின் இரும்புச் சட்டமே அப்பணியைச் செய்கிறது. இதையே 'எர்த்' என்கிறோம். இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர் முனை சட்டத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. பிற வண்டிகளில் எதிர் முனை. எம்முறை என்பதை அறியாமல் புதிய பாட்டரியை மாற்றி இணைத்தால், சிலிகான் ரெக்டிபையர் கணத்தில் அழியும்.

கம்பி ஏன் கெடுகிறது?

செம்பு எளிதில் அழியும் உலோகமன்று. அதைச் சுற்றியுள்ள காப்பே முதலில் கெடுகிறது. மிகப் பழைய கம்பிகளில் ரப்பர் உறையும் அதன்மேல் பருத்தி நூற்பின்னலும் இருந்தன. ரப்பரைக் கெட்டியாக்கக் கந்தகம் சேர்ப்பர். அக்கந்தகம் செம்பைத் தாக்கிக் கறுக்கச் செய்யும். இதனைத் தடுக்கவே அக்காலத்தில் கம்பி இழைகளுக்கு வெள்ளீயம் பூசினர். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பும். வெப்பத்தாலும் காற்றாலும் பொடியாக உதிரும். பின்னர் வந்த பி.வி.சி. உறை எண்ணெயைத் தாங்கும். ஆயினும் அதனை வளையச் செய்யும் குழைமப் பொருள் எஞ்சினின் வெப்பத்தில் ஆண்டாண்டாக வெளியேற, உறை விறைத்து வெடிப்புறும்.

ஈரம் இரண்டாவது பகைவன். பூனாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடுகிறது. வெடித்த உறையினுள் புகுந்த நீர், மெல்லிய குழாயில் ஏறுவதுபோல் இழைகளுக்கிடையே நெடுந்தூரம் பரவும். செம்பில் பச்சைக் களிம்பு படியும். பாட்டரியை ஒட்டிய முனைகளில் அமில ஆவியினால் நீல நிறத் துத்தம் பூக்கும். மூன்றாவது பகைவன் அதிர்ச்சி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் ஓயாத அதிர்வினால் கம்பி திரும்பத் திரும்ப வளைந்து இழைகள் ஒவ்வொன்றாக அறும். பற்றாசு வைத்த இடத்தில் இழைகள் ஒட்டி விறைத்து நிற்பதால், அப்பற்று முடியும் விளிம்பில்தான் முறிவு முதலில் நேரும்.

ஆறு வோல்டின் கணக்கு

விளக்கு மங்குவதன் காரணத்தை எளிய கணக்கினால் அறியலாம். 35 வாட் விளக்கு 6 வோல்டில் எரியும்போது அதில் ஓடும் மின்னோட்டம் 35ஐ 6ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.8 ஆம்பியர். அதே 35 வாட் விளக்கு 12 வோல்டில் 2.9 ஆம்பியரே இழுக்கும்.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.017 ஓம். பாட்டரியிலிருந்து முகப்பு விளக்கு வரை சுவிட்சு வழியாகச் செல்லும் கம்பியின் நீளம் 2 மீட்டர் என்றும், பரப்பு 0.75 சதுர மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். அதன் தடை சுமார் 0.046 ஓம் ஆகும். 5.8 ஆம்பியர் ஓடும்போது இக்கம்பியிலேயே 0.27 வோல்ட் வீணாகிறது. இது ஆறில் 4.5 சதவிகிதம். இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்திற்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. மிக விரைவாகக் குறைகிறது. மின்னழுத்தத்தின் சுமார் 3.4 மடிப்பெருக்கத்தை ஒட்டி அது மாறும். எனவே 4.5 சதவிகித அழுத்தக் குறைவினால் ஒளி 14 சதவிகிதத்திற்கு மேல் குறைந்துவிடும். 12 வோல்ட் வண்டியில் அதே கம்பி 1.1 சதவிகித அழுத்தத்தையே விழுங்கும்; ஒளியிழப்பு 4 சதவிகிதத்தை எட்டாது. மின்னழுத்தம் பாதியாகும்போது, இழப்பின் விகிதம் நான்கு மடங்காகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இது புதிய, தூய கம்பியின் கணக்கு. களிம்பேறிய ஒரே ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். அங்கே மட்டும் சுமார் 0.6 வோல்ட் இழக்கப்படும். விளக்கின் ஒளியில் பத்தில் மூன்று பங்கு மறைந்துபோகும். அவ்விணைப்போ மூன்று வாட்டிற்கு மேற்பட்ட வெப்பத்தினால் சுடும். பல்பை மாற்றியும் பாட்டரியை மாற்றியும் விளக்கு பிரகாசிக்கவில்லை என்று வருந்துவோர் பலருக்கும் விடை இங்கேயே கிடைக்கும். பற்றவைப்புச் சுருளும் இதே நோயினால் வாடுகிறது. சுருளில் சேமிக்கப்படும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிப்பெருக்கத்தைச் சார்ந்தது. ஆதலால் அழுத்தத்தில் 10 சதவிகிதம் குறைந்தால் பொறியின் ஆற்றலில் 19 சதவிகிதம் குறையும். குளிர்காலக் காலையில் வண்டி உதைக்கு இணங்காதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ப்யூஸ் இல்லாத ஆபத்து

பழைய வண்டிகள் சிலவற்றில் ப்யூஸ் இல்லை. வேறு சிலவற்றில், எரிந்துபோன ப்யூசுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ தடித்த கம்பியையோ செருகிவைத்திருப்பர். இதன் விளைவையும் கணக்கிடலாம். மேற்கூறிய கம்பியின் காப்பு தேய்ந்து, கோடியில் அது சட்டத்தைத் தொடுவதாகக் கொள்வோம். பாட்டரியின் உட்தடை 0.03 ஓம், கம்பியின் தடை 0.046 ஓம் எனில், சுமார் 79 ஆம்பியர் பாயும். கம்பியில் மட்டும் 250 வாட்டிற்கு மேல் வெப்பம் தோன்றும். அக்கம்பியிலுள்ள செம்பின் எடை 13 கிராமே ஆதலால், ஒவ்வொரு விநாடிக்கும் அதன் உஷ்ணம் ஏறத்தாழ 55 டிகிரி உயரும். மூன்று விநாடிகளில் உறை புகையத் தொடங்கும். ஓட்டுபவர் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் தொட்டியின் அடியில் தீ மூண்டுவிடக் கூடும். ஒரு சிறு ப்யூஸ் இதனை முதற்கணத்திலேயே தடுத்துவிடும்.

புதுப்பிக்கும் முறை

முதல் வேலை வரைபடம் தயாரித்தல். பழைய கம்பிகளை அறுத்தெறியும் முன், ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைத் தாளில் குறித்து, முனைகளில் எண் எழுதிய சீட்டுக்களைக் கட்டுதல் வேண்டும். வண்ணங்களை மட்டும் நம்புதல் தவறு. ஐம்பது ஆண்டுகளில் பல கைகள் பட்ட வண்டியில் வண்ணம் மாறியிருக்கும். லூகாஸ் முறையைப் பின்பற்றிய ஆங்கில வழக்கில் பழுப்பு பாட்டரியின் நேரடி இணைப்பையும், வெள்ளை பற்றவைப்பையும், நீலம் முகப்பு விளக்கையும் குறிக்கும். எதிர்முனை எர்த் வண்டிகளில் கறுப்பு எர்த்துக்கு உரியது. நேர்முனை எர்த் வண்டிகள் பலவற்றில் சிவப்பே எர்த்.

பாட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையையே முதலில் விடுவிக்க வேண்டும். மீண்டும் பொருத்தும்போது அதனையே கடைசியில் இணைக்க வேண்டும். மற்ற முனையைத் திருகும்போது ஸ்பானர் சட்டத்தில் பட்டாலும், எர்த் விடுபட்டிருந்தால் சுற்று முழுமையடையாது.

அடுத்தது கம்பியைத் தேர்ந்தெடுத்தல். மோட்டார் வாகனக் கம்பிகளுக்கு ஐ.எஸ். 2465 என்ற இந்தியத் தரம் உண்டு. வீட்டு மின்சாரத்திற்குரிய ஒற்றைத் தடிமன் கம்பி இங்கே உதவாது. பல நுண்ணிழைகள் கொண்டதே அதிர்வைத் தாங்கும். 6 வோல்ட் வண்டியில் பாட்டரி, அம்மீட்டர், சுவிட்சு இவற்றை இணைக்கும் பிரதானக் கம்பிக்கு 2 சதுர மில்லிமீட்டரும், முகப்பு விளக்கிற்கு 1.5 சதுர மில்லிமீட்டரும், பின்விளக்கிற்கு 1 சதுர மில்லிமீட்டரும் பொருந்தும். 0.75இலிருந்து 1.5க்கு மாறினாலே, முன்னர்க் கண்ட 14 சதவிகித ஒளியிழப்பு 7 ஆகக் குறையும். சில ரூபாய்ச் செலவில் கிடைக்கும் இவ்வொளியை எந்த விலையுயர்ந்த பல்பும் தர இயலாது.

கம்பிகளை வண்டியின்மேல் ஒவ்வொன்றாக இழுப்பதைவிட, ஒரு பலகையில் ஆணி அடித்து, பழைய தொகுதியின் வடிவில் புதியவற்றைப் பரப்பிக் கட்டுவது எளிது. ஹாண்டில் இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திரும்பும்போது கம்பி இறுகாதபடி அவ்விடத்தில் தளர்வு விட வேண்டும். சிலிண்டரையும் புகைபோக்கிக் குழாயையும் விட்டு விலகியும், ஆசனத்தின் வில்சுருள்களில் நசுங்காமலும் செலுத்த வேண்டும். தகட்டுத் துளைகளில் கம்பி நுழையுமிடமெல்லாம் ரப்பர் வளையம் இன்றியமையாதது.

முனைகளைப் பொருத்துவதில் இரு முறைகள் உள. தக்க இடுக்கியினால் முனையை நசுக்கிப் பிணைப்பது ஒன்று. தோட்டா வடிவப் பித்தளை முனைகளில் பற்றாசு வைப்பது மற்றொன்று. பற்றாசு வைத்தால் அமிலம் கலந்த பிளக்ஸ் கூடாது. ரோஸின் பிளக்ஸே தகும். பற்றிற்கு அப்பால் சிறிது தூரம் உறைக்குழாய் மாட்டி, கம்பி அவ்விடத்தில் வளையாதவாறு தாங்குதல் வேண்டும்.

புதிய வர்ணம் பூசிய வண்டிகளில் ஒரு சிக்கல் தவறாமல் தோன்றும். வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே சட்டத்தில் பளபளப்பாகப் பூச்சு ஏறியதும், முன்பு இருந்த எர்த் பாதைகள் அடைபட்டுவிடும். மேலும், முகப்பு விளக்கின் எர்த் முன்கவையிலிருந்து சட்டத்திற்குப் பசை தடவிய உருளைகளின் வழியே செல்ல நேர்ந்தால் அது நம்பத்தக்கதன்று. விளக்குக் கூட்டிலிருந்தும் பின்விளக்கிலிருந்தும் தனி எர்த் கம்பிகளை இழுத்து, பாட்டரியின் எர்த் முனையிலேயே சேர்த்துவிடுவது சிறந்த வழி.

ப்யூசைப் பாட்டரியின் எர்த் அல்லாத முனைக்கு மிக அருகில் வைக்க வேண்டும். முகப்பு விளக்கு, பின்விளக்கு, நிறுத்த விளக்கு, பற்றவைப்பு ஆகியவற்றின் தேவையைக் கூட்டினால் 6 வோல்ட் வண்டியில் 12 அல்லது 13 ஆம்பியர் வரும். ஆதலின் 15 ஆம்பியர் ப்யூஸ் போதுமானது. பழைய செலினியத் தகட்டு ரெக்டிபையரைச் சிலிகான் வகையாக மாற்றுவோர், அதன் அடிப்பாகத்தை உலோகத்துடன் நன்கு பதித்து வெப்பம் வெளியேற வழி செய்ய வேண்டும்.

சோதனைகள்

புதிய தொகுதிக்கு முதன்முதல் மின்சாரம் தரும்போது ப்யூசைப் பொருத்தலாகாது. அதற்குப் பதிலாக 6 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைக்கவும். எல்லாச் சுவிட்சுகளும் அணைக்கப்பட்டிருக்கையில் அது எரியாதிருக்க வேண்டும். முழு வெளிச்சத்துடன் எரிந்தால் எங்கோ கம்பி சட்டத்தைத் தொடுகிறது என்பது பொருள். பல்பு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் கேடு நேராது. குறை நீங்கிய பின்னரே ப்யூஸ்.

இரண்டாவது சோதனை அழுத்த இழப்பை அளத்தல். முகப்பு விளக்கை எரியவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலும், மற்றதைப் பல்பின் மின்வரவு முனையிலும் வைக்கவும். 0.2 வோல்டுக்கு மேல் காட்டக்கூடாது. பல்பின் உடலுக்கும் பாட்டரியின் எர்த் முனைக்குமிடையே 0.1 வோல்டுக்கு மேற்படலாகாது. மிகுதியாயின், வழியிலுள்ள இணைப்புக்களை ஒவ்வொன்றாக அளந்துவந்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

பன்னிரண்டாக மாற்றலாமா?

இத்தனை இடர்களுக்கும் காரணம் 6 வோல்ட் என்றால், 12 வோல்டுக்கு மாற்றிவிடலாமே என்ற கேள்வி எழும். மாற்றுவோர் உளர். அவ்வாறு செய்யின் பாட்டரி, பல்புகள், ஊதல், பற்றவைப்புச் சுருள், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி அனைத்தையும் மாற்ற வேண்டிவரும். தொன்மையைக் காப்பதே நோக்கமெனில், தடித்த கம்பியும் தூய இணைப்பும் 6 வோல்டையே போதுமானதாக்கிவிடும். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவுசெய்ய மத்திய அரசு 2021இல் விதிகள் வகுத்தது. அவற்றிற்கு 'வி.ஏ.' என்ற தனி எழுத்துத் தொடர் உண்டு. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். சட்டகம், உடற்பகுதி, எஞ்சின் இவற்றில் பெருமாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருப்பவையே இதற்குத் தகுதி பெறும். எனவே கழற்றிய உறுப்புக்களையும், வரைந்த வரைபடத்தையும் பத்திரப்படுத்துவது முறை.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

ஓமின் விதியைக் கரும்பலகையில் மட்டும் கற்ற மாணவனுக்கு அதன் பயன் எளிதில் புலப்படுவதில்லை. 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள இனாமல் பூசிய செம்புக் கம்பி 4 மீட்டர் எடுத்து, முனைகளைச் சுரண்டி, இரண்டு டார்ச் செல்களுக்கும் ஒரு டார்ச் பல்புக்கும் இடையே இணைக்கச் செய்யலாம். கம்பியின் தடை 2 ஓமுக்குச் சற்று மிகும், பல்பு மங்கும். கம்பியை 2 மீட்டராகவும் 1 மீட்டராகவும் குறைத்தால் ஒளி ஏறுவதைக் கண்ணாரக் காணலாம். பின்னர் அதே கம்பியை இரட்டையாக முறுக்கி இணைத்தால், பரப்பு கூடும்போது தடை குறைவதும் விளங்கும். முகப்பு விளக்கின் பாடம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

களப்பணியாளர்கள் கையாளும் ஜீப்பு, டிராக்டர், பாட்டரியால் இயங்கும் தெளிப்பான் முதலியவற்றிற்கும் இவ்விதிகள் அப்படியே பொருந்தும். விளக்கு மங்கினால் பல்பை மாற்றுமுன் எர்த் இணைப்பைச் சுரண்டித் துடைத்து அளந்து பார்த்தல், எரிந்த ப்யூசுக்குப் பதில் அதே அளவுள்ள ப்யூசையே பொருத்துதல், மழைக்காலத்திற்கு முன் பாட்டரி முனைகளைத் தூய்மை செய்து வாசலின் தடவுதல் என்னும் மூன்று பழக்கங்களும் பெருஞ்செலவையும் பேராபத்தையும் தவிர்க்கும். இரவில் சாலையில் செல்வோரின் உயிர், கண்ணுக்குத் தெரியாத இக்கம்பிகளையும் அவற்றின் இணைப்புக்களையும் நம்பியே இருக்கிறது.